கறவை மாட்டை விற்றுப் பல் கட்டலாமா?

“என் அம்மாவுக்கு 66 வயது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு மேலேயும் கீழேயும் பல் செட் கட்டினோம். மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் பேசினாலே எழும்பி வருகிறது. சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டு, குழைந்த சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து விழுங்குகிறார். விசேஷ வீட்டுப் பந்தியில் உட்காருவதே இல்லை. சர்க்கரை வியாதியும் இருக்கிறது. டவுனில், எலும்பில் ஸ்குரு வைத்து நிரந்தரமாகப் பல் கட்டலாம், சில லட்சம் ஆகும் என்கிறார்கள். இரண்டு கறவை மாட்டையும் விற்றால்தான் முடியும். விற்றுச் செய்யலாமா?”

– ஒரு வாசகர், வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

மாட்டுக்கு விலை பேசும் முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் செய்தால் மாட்டை விற்கும் தேவையே வராமல் போகலாம். விற்றே ஆக வேண்டும் என்றாலும், ஒரு மாட்டோடு வேலை முடியலாம்.

கீழ் செட் மட்டும் ஏன் ஆடுகிறது?

பல் இருக்கும்வரை, மெல்லும் விசை வேர் வழியாகத் தாடை எலும்புக்குப் போய்க்கொண்டிருக்கும். பல்லை எடுத்த பிறகு அந்த எலும்புக்கு வேலை இல்லை. வெள்ளம் அரித்த வரப்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தாழ்கிறது. முதல் ஆண்டில் வேகமாகவும், அதற்குப் பிறகு மெதுவாகவும், ஆயுள் முழுக்க இது நடக்கும். செட் கட்டியவர்களின் தாடையை 25 ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1972-ல் வெளியானது. மேல் தாடையைப்போல் சுமார் நான்கு மடங்கு கீழ்த்தாடை தேய்ந்திருந்தது.

மேல் செட் அண்ணம் முழுவதும் பரவி, எச்சிலின் ஈரத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி கிடையாது. அது குதிரை லாட வடிவில், குறுகலான ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாக்கு, கன்னம், உதடு மூன்றும் அதை நாள் முழுக்கத் தள்ளுகின்றன. அந்த மேடும் தேய்ந்து தட்டையாகிவிட்டால், எவ்வளவு நன்றாகச் செய்த செட்டும் மிதக்கத்தான் செய்யும். எட்டு ஆண்டுக்கு முன் எடுத்த அளவு இன்றைய ஈறுக்குப் பொருந்தாது. இதில் கட்டியவர் மேலும் குற்றமில்லை, அந்த அம்மா பழகிக்கொள்ளாததும் காரணமில்லை.

முதலில் பழைய செட்டைக் காட்ட வேண்டும்

பல் மருத்துவத்தில் செயற்கைப் பல் கட்டுவதற்கென்றே மேற்படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் செட்டையும் வாயையும் காட்டுவதுதான் முதல் வேலை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், சிதம்பரம், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், தனி கிளினிக்கைவிடக் குறைந்த செலவில் பார்ப்பது வழக்கம்.

செட்டின் பற்கள் அதிகம் தேயாமல் இருந்தால், உள்பக்கத்தில் மட்டும் புதிதாக அளவெடுத்து அக்ரிலிக் பூசி இறுக்கித் தருவார்கள். இதற்கு ரீலைனிங் என்று பெயர். புதுச் செட்டைவிடச் செலவு குறைவு. பற்கள் தேய்ந்து தட்டையாகியிருந்தால் புதுச் செட் செய்வதே நல்லது. பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் ஒரு செட்டை மாற்ற வேண்டி வரும். இந்த அம்மாவின் செட்டுக்கு எட்டு வயது ஆகிவிட்டது.

வீட்டிலேயே அரம் வைத்துத் தேய்ப்பது, உடைந்த செட்டைக் கடையில் விற்கும் உடனடிப் பசை போட்டு ஒட்டுவது, பதிவு இல்லாதவர்களிடம் சந்தையில் பல் கட்டிக்கொள்வது ஆகிய மூன்றும் கூடாது. ஈறு புண்ணாகும், பிறகு சரிசெய்யவும் முடியாத நிலைக்குச் செட் போய்விடும்.

சரியாகச் செய்த புதுச் செட்டிலேயே பலருக்குப் பிரச்னை தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் கீழ் செட் மிதந்தால், அப்போது இம்ப்ளான்ட் பற்றி யோசிக்கலாம்.

இரண்டு போதும்

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தில் செய்த சிறிய திருகு. பல்லின் வேர் இருந்த இடத்தில், தாடை எலும்புக்குள் வைப்பார்கள். டைட்டானியத்தோடு எலும்பு இறுகச் சேர்ந்துகொள்ளும் என்பதைச் சுவீடனைச் சேர்ந்த பிரனமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் கண்டறிந்தார். 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்தார்.

எல்லாப் பல்லும் போனவருக்கு இதில் இரண்டு வழி இருக்கிறது. நான்கு, ஆறு என்று இம்ப்ளான்ட் வைத்து, கழற்ற முடியாதபடி பல் கட்டுவது ஒரு வழி. அந்த வாசகரிடம் சொன்னது இதுதான். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, சட்டைப் பட்டன் அழுந்துவது மாதிரி, அதன் மேல் செட்டை அழுத்தி மாட்டுவது இன்னொரு வழி. செட்டை வீட்டிலேயே கழற்றலாம், கழுவலாம், மாட்டலாம்.

2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழ்ப் பல் முழுவதும் இல்லாதவருக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இரண்டு இம்ப்ளான்ட் வைத்த செட்தான் என்று அறிவித்தார்கள். 2009-ல் பிரிட்டன் நிபுணர்களும் அதையே வழிமொழிந்தார்கள். கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு கெட்டியானது. தேய்ந்த தாடையிலும் அங்கே பெரும்பாலும் இடம் இருக்கும். அங்கே வைக்கும் இம்ப்ளான்ட், பத்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள எலும்பு தேய்வதும் குறைகிறது.

நிரந்தரமாகக் கட்டுவதும் நல்ல முறைதான். வசதி இருப்பவர்கள் செய்துகொள்ளலாம். ஆனால் அதன் அடியில் சேரும் உணவுத் துணுக்கைத் தினமும் பொறுமையாகச் சுத்தம் செய்ய வேண்டும். கை நடுக்கமும் பார்வைக் குறையும் உள்ள முதியவர்களுக்குக் கழற்றிக் கழுவும் செட்டே சுலபம். விரலில் வலு இல்லாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் மட்டும், பட்டன் செட்டைத் தானாகக் கழற்ற முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. சாதாரணச் செட்டில் கடிக்கும் வலு, சொந்தப் பல்லில் கால் பங்கு இருந்தாலே அதிகம். பட்டன் செட்டில் அது கூடும். கறி, வேகவைத்த கடலை, ஆப்பிள் துண்டு, முறுக்கு என்று மெல்லலாம். பந்தியில் செட் கழன்றுவிடும் என்ற பயம் இருக்காது. ஆனால் கரும்பைப் பல்லால் உரித்துத் தின்பது இதிலும் நடக்காது.

கல்லுக்கால் ஊன்றியதும் பந்தல் ஏற்றக் கூடாது

பந்தல் காய்கறி போடுபவர்களுக்குத் தெரியும். கல்லுக்கால் ஊன்றி, மண் இறுகிய பிறகுதான் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். இம்ப்ளான்ட்டும் அப்படித்தான். ஈறை மரக்கச் செய்து, ஒரே அமர்வில் இரண்டையும் வைத்துவிடலாம். ஆனால் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளக் கீழ்த்தாடையில் மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை பழைய செட்டின் உள்பக்கத்தை அந்த இடத்தில் குடைந்து, மெதுவான பூச்சு கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். உணவும் மெதுவாகவே இருக்க வேண்டும். சிலருக்கு, எலும்பு நல்ல கெட்டியாக இருந்தால் சீக்கிரமே மாட்டிவிடுவது உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அவசரப்படுத்தக் கூடாது.

சர்க்கரை இருக்கிறதே?

சர்க்கரை இருப்பதாலேயே இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது என்றில்லை. கட்டுப்படாத சர்க்கரைதான் ஆபத்து. புண் ஆறாது, எலும்பு பிடிக்காது, கிருமி தொற்றும். அதனால் மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை எடுக்க வேண்டும். அது 7-க்கு அருகில் இருப்பது நல்லது. 8-ஐத் தாண்டினால், குறைத்துவிட்டு வாருங்கள் என்று பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள்.

இந்த வீட்டில் உடனே கவனிக்க வேண்டியதும் இதுதான். மெல்ல முடியாமல் குழைந்த சோற்றையே மூன்று வேளையும் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், சத்தும் குறையும். மசித்த கீரை, குழைய வெந்த பருப்பு, அவித்த முட்டை, தயிர், முள் நீக்கிய மீன், பொடித்த நிலக்கடலை இவற்றை முதலில் வைத்து, சோற்றின் அளவைக் குறைக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுபவர் என்பதால், உணவை மாற்றும்போது மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

புகையிலைப் பழக்கம் இருந்தால் இம்ப்ளான்ட் கெடும் வாய்ப்பு கூடுகிறது. தாடைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள், எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ ஊசி மருந்து போட்டுக்கொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

பணம் கட்டும் முன் எழுதி வாங்க வேண்டியவை

• ஸ்கேன், இம்ப்ளான்ட், பட்டன் பாகம், செட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. ‘மொத்தம் இவ்வளவு’ என்று மட்டும் சொன்னால் போதாது.

• இருக்கும் செட்டிலேயே பட்டன் பொருத்த முடியுமா, புதுச் செட் வேண்டுமா? நல்ல செட் இருந்தால் அதிலேயே பொருத்துவது உண்டு.

• இம்ப்ளான்ட் எலும்பில் பிடிக்காமல் போனால் மறுபடி வைக்கச் செலவு யாருடையது?

• இம்ப்ளான்ட் எந்தக் கம்பெனி, என்ன அளவு? டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரை ஓர் அட்டையில் ஒட்டி வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். நாளைக்கு வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போனால், பாகம் மாற்ற அந்த அட்டைதான் உதவும்.

• பட்டனுக்குள் இருக்கும் சிறு வளையம் தேயும். ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரும். அதன் விலை என்ன?

• மருத்துவரின் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்.

செலவு வைத்த முதல் நாளோடு முடியாது. தினமும் மெல்லிய பிரஷ்ஷால் இம்ப்ளான்ட்டின் தலையைச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். பஸ் செலவையும், ஒருநாள் வேலை கெடுவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாடு போனால் நிற்கப்போகும் மாதாந்திரப் பால் பணத்தையும் அதே தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

ஆக, இந்த வாசகருக்கான வரிசை: சர்க்கரைப் பரிசோதனை, செட்டைக் காட்டி ரீலைனிங் அல்லது புதுச் செட், சில மாதம் பழகிப் பார்ப்பது, அதற்குப் பிறகும் ஆடினால் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட். இதில் எதையும் நாளைக்கே செய்தாக வேண்டிய அவசரம் இல்லை. கடிதத்தில், அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்குப் பந்தியில் உட்கார வேண்டுமா, கறி மெல்ல வேண்டுமா, வாயில் வலி இல்லாமல் இருந்தாலே போதுமா என்று அவரிடமே உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தப் பதிலைப் பொறுத்துச் செலவு மாறும்.

“அப்பாவுக்கு மேல் செட்தான் ஆடுகிறது. அதற்கும் இரண்டு இம்ப்ளான்ட் போதுமா?”
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்.

மேல் தாடை எலும்பு மென்மையானது. பின்பக்கம் காற்றறை இருப்பதால் இடமும் குறைவு. அதனால் பொதுவாக நான்கு வேண்டியிருக்கும். எலும்பு பிடிக்க ஆறு மாதம் வரை ஆகலாம். மேல் செட், சரியாக அளவெடுத்துச் செய்தாலே பெரும்பாலும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். புதுச் செட் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

“செட்டை இரவில் மாட்டிக்கொண்டே தூங்கலாமா? எதில் கழுவுவது?”
– ஒரு வாசகர், திண்டிவனம்.

கழற்றிவிட்டுத் தூங்க வேண்டும். இரவு முழுக்க மாட்டியிருந்தால் ஈறு சிவந்து காளான் தொற்று வரும். கழற்றியதைப் பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்கலாம். கொதிக்கும் நீர் ஊற்றினால் வளைந்துவிடும். செங்கல் பொடி, சாம்பல், பல்பொடி போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு தங்கும். கை சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். கீழே விழுந்தால் உடையாமல் இருக்க, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதன் மேல் பிடித்துக் கழுவ வேண்டும்.

“பாட்டிக்குச் செட் உரசும் இடத்தில் ஒரு மாதமாகப் புண். வெற்றிலை, புகையிலை போடுவார். செட்டைக் கழற்றி வைத்தால் ஆறிவிடுமா?”
– ஒரு வாசகர், அறந்தாங்கி.

செட் உரசி வந்த புண், செட்டைக் கழற்றி வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி இவற்றில் எது இருந்தாலும் அது வாய்ப்புற்றுநோயாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வலி இல்லை என்பதை வைத்து விட்டுவிடக் கூடாது. ஒரு மாதம் ஆகிவிட்டதால், செட் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த வாரமே புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப்போக வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.