ஏரிக்கரைக் கணக்கு
சின்ன காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளுக்குப் பனிக்காலத்தில் வலசை வரும் நீலச்சிறகி வாத்துக்கு எல்லைக்கோடு தெரியாது. அதைப் பற்றிய கணக்குதான் நாட்டுக்கு நாடு சிதறிக் கிடக்கிறது. அது பறந்துவரும் மத்திய ஆசிய வலசைப் பாதை 30 நாடுகளைத் தொடுகிறது. 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த வேடந்தாங்கலில் வாத்துகள் குறைந்தால், காரணம் இங்கே வறண்ட ஏரியா, வடக்கே பொய்த்துப்போன இனப்பெருக்கப் பருவமா? நம் பதிவேட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பதிவுகளைப் பொதுவில் பகிரலாம் என்றால், இடத்தை வெளியிட்டால் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியதாகிவிடும் என்பார்கள்; நியாயமான அச்சம்தான். ஆனால் ஆபத்திலுள்ள இனங்களுக்குத் தோராயமான பரப்பை மட்டும் காட்டும் முறை இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்கெனவே உண்டு. 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, தன்னார்வலர்களைக் கொண்டே பல நாடுகளை ஜனவரிதோறும் இணைக்கிறது. வனத்துறையும் கல்லூரிகளும் தங்கள் பழைய பதிவுகளை அறிவியல் பெயரோடும் தேதியோடும் ஒரே பொது வடிவில் திறந்துவிட வேண்டும்.