தொழிலாளியின் ஆட்சி

தொழிலாளி ஒருவன் அதிகார பீடத்தில் அமர்ந்துவிட்டால், தொழிலாளருடைய குறைகளெல்லாம் தாமாகவே தீர்ந்துவிடும் என்று நம்புவோர் பலர். இந்நம்பிக்கையை உரைத்துப் பார்ப்பதற்கு, ஆஸ்திரேலியாவின் பிரதம மந்திரியாயிருந்த பென் சிப்லியின் வாழ்க்கையைவிடச் சிறந்த உரைகல் கிடைப்பது அரிது.

நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்துப் பாதர்ஸ்ட் நகரில், 1885-ல் கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்தார் சிப்லி. 1903-ல் ரயில்வேயில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, 1914-ல் எஞ்சின் டிரைவரானார். ஒவ்வொரு தொழிலாளியின் வேலை நேரத்தையும் சீட்டில் குறித்துக் கணக்கிடும் முறையை 1917-ல் நிர்வாகத்தார் புகுத்தவே, பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. அதில் கலந்துகொண்ட சிப்லி வேலையிழந்தார். பின்னர் மீண்டும் எடுத்துக்கொண்டபோதும் பதவியைக் குறைத்தே எடுத்துக்கொண்டார்கள்.

1928-ல் அவர் பாராளுமன்றம் புகுந்தார், 1931-ல் தோற்றார். எனினும் பொது வாழ்வைத் துறந்தாரில்லை. 1933-ல் அபர்க்ராம்பி ஸ்தல சபையின் அங்கத்தினரானார். 1935-ல் மாகாணத் தேர்தலில், முன்னாள் மாகாணப் பிரதமர் ஜாக் லாங்கை அவருடைய சொந்தத் தொகுதியான ஆபர்னிலேயே எதிர்த்து நின்று தோல்வியுற்றார். 1940-ல் மீண்டும் பாராளுமன்றம். 1941-ல் நிதி மந்திரிப் பதவி. 1945-ல் பிரதம மந்திரிப் பதவி. தேசத்தின் நிர்வாகத்தையே ஏற்ற பின்னும், 1947 வரை ஸ்தல சபை ஸ்தானத்தை அவர் விடவில்லை. ஊர்ச் சாலையைப் பற்றிய விவகாரமும் அவருக்கு ராஜ்யக் காரியமாகவே இருந்தது.

இத்தகையவருக்கும் சோதனை வந்தது. 1949-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வீடுகள் இருண்டன, ஆலைகள் நின்றன. சிப்லி சர்க்கார் சங்கங்களின் நிதியை முடக்கிற்று. தலைவர்கள் சிறை சென்றனர். ஆகஸ்டில் துருப்புகள் சுரங்கங்களில் இறங்கின. வேலைநிறுத்தத்தால் ஒருகால் வேலையிழந்தவரே அதை முறியடித்தார்! தேசத்தின் அவதியைக் காட்டி அவர் கூறிய சமாதானம் பொருளற்றதன்று. ஆயினும், 1917-ல் நிர்வாகத்தாரும் இத்தகைய சமாதானத்தைச் சொல்லியிருக்க முடியும் அல்லவா?

ஆசியாவின்பாலும் இதே இரட்டை நிலையைக் காண்கிறோம். 1947-ல் இந்தோனேஷியாவின் மீது டச்சுக்காரர் படையெடுத்தபோது, இந்தியாவைப் போலவே ஆஸ்திரேலியாவும் அவ்விஷயத்தை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டு சென்றது. அதே சர்க்கார்தான் வெள்ளையர் ஆஸ்திரேலியா என்ற கொள்கையையும் கட்டிக் காத்தது. யுத்த காலத்தில் அடைக்கலம் புகுந்த ஆசியர்களை வெளியேற்ற 1949-ல் சட்டமும் இயற்றிற்று.

அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் சிப்லியின் கட்சி தோற்றது. 1951-ல் அவர் காலமானார். அவருடைய நேர்மையையும் எளிமையையும் எதிரிகளும் மறுத்ததில்லை. ஆனால் தலைவரின் பிறப்பும் பூர்வத் தொழிலும் ஆட்சியின் நீதிக்கு உறுதிச் சீட்டு ஆகா. தம்மவர் ஆளுங்காலத்திலும் தொழிற்சங்கம் தன் சுதந்திரத்தை விட்டுக் கொடுக்கலாகாது. ஆள்பவரும் தாம் ஏறி வந்த ஏணியை மறக்கலாகாது. இரண்டில் முன்னதே தொழிலாளரின் கையில் உள்ளது.