பாவித்த மோட்டரும் கம்பிரசன் அளவும்: வடக்குக் கரையில் யார் நட்டப்படுகிறார்கள்?

வடக்குக் கடற்கரையில் பாவித்த படகு மோட்டர் கைமாறும்போது விலை பெரும்பாலும் சத்தத்தை வைத்தே பேசப்படுகிறது. கயிற்றை இழுத்து, இரண்டாம் இழுவையில் பற்றிக்கொண்டால் போதும். நகை அடகு வைத்த காசு கைமாறிவிடும். வலையும் மீனுமாகச் சுமையோடு திரும்பும் நாளில் மோட்டர் இழுக்காமல் திணறும்போதுதான் குறை தெரியவரும்.

போர்க்காலத்தில் வடபகுதிக் கடற்றொழிலாளருக்கு மோட்டரின் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு இருந்தது. 2009 இல் முல்லைத்தீவுக் கரையில் படகையும் மோட்டரையும் விட்டுவந்தவர்கள் பலர். மீளக்குடியேறியபின் கடனுக்கும் உதவிக்கும் கிடைத்த மோட்டர்கள் இன்று பழசாகிவிட்டன. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதால் யப்பானிய மோட்டர் புதிதாக வாங்குவது பலருக்கும் எட்டாக் காரியமானது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. மண்ணெண்ணெய் மோட்டரைப் பெற்றோலில் தொடக்கி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலில் சிறிது ஓடவிட வேண்டும். காசு மிச்சம்பிடிக்க அதைத் தவிர்த்தால் உள்ளே கரி படிந்து றிங் ஒட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடியின் மிச்சம் இப்போது விற்பனைக்கு வரும் மோட்டர்களுக்குள்ளும் இருக்கலாம்.

இதைக் காட்டக்கூடியது கம்பிரசன் அளவி. மோட்டரைச் சற்று ஓடவிட்டுச் சூடாக்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, பொறி வராமல் துண்டித்து, திறொட்டிலை முழுதாகத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். பெற்றோல் மோட்டரில் சதுர அங்குலத்துக்கு 110 முதல் 130 இறாத்தல் வரை காட்டுவது வழமை. மண்ணெண்ணெய் மோட்டர் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்டது. பெற்றோல் மோட்டரின் கணக்கை அதற்குப் போடுவது தவறு. தனி இலக்கத்தைவிட சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசம் முக்கியம். ஒன்று 120, மற்றது 95 என்றால் விலை பேசுவதை நிறுத்திவிடலாம்.

அளவியையும் ஏமாற்றலாம். பிளக் துவாரத்தில் கொஞ்சம் ஒயில் விட்டால் தேய்ந்த றிங்கும் நல்ல அளவு காட்டும். பிஸ்டன் தலையில் படிந்த கரிகூட இலக்கத்தை உயர்த்தும். கண்டிக்குக் கீழே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் நன்னீரில் ஓடிய மோட்டரும் முல்லைத்தீவு உப்புநீரில் ஓடிய மோட்டரும் ஒரே அளவைக் காட்டக்கூடும். குளிரூட்டும் நீர்ப்பாதையை உப்பு அரித்திருப்பதை அளவி சொல்லாது. "மலைநாட்டு மோட்டர், உப்பே படவில்லை" என்று யாராவது சொன்னால், கியர்ப் பெட்டி ஒயிலையும் திறந்து பார்ப்பது நல்லது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

நட்டம் வாங்குபவருக்கு மட்டுமல்ல. கணவரை இழந்து மோட்டரை விற்க வரும் பெண்ணிடம் "கம்பிரசன் போட்டுது, தங்கச்சி" என்று ஒரு வார்த்தையில் விலையைப் பாதியாக்கலாம். மறுத்துப் பேச அவர் கையில் எந்த அளவும் இல்லை.

ஒரு அளவி விலைகூடிய கருவி அல்ல. ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் ஒன்றை வைத்திருந்து, விற்பவர் வாங்குபவர் இருவர் முன்னும் அளந்து, சிலிண்டருக்குச் சிலிண்டர் எழுதி, மோட்டரின் தொடர் இலக்கத்தோடு முத்திரை குத்திக் கொடுக்கலாம். இதற்குக் கொழும்பின் அனுமதி எதற்கு?