கடல் மாநாட்டில் கடலோடிக்கு நாற்காலி எங்கே?

கடல் ஆராய்ச்சி மாநாடு என்பது நம் சீமைக்குப் புதுசு அல்ல. உலகத்தின் முதல் பவளப்பாறை மாநாடு 1969 ஜனவரியில் நடந்ததே ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில்தான்! அடுத்த மாநாடு 1973-ல் ஆஸ்திரேலியக் கடலில், ஓடும் கப்பலிலேயே நடந்தது.

மண்டபத்தில் விஞ்ஞானிகள் கூடிப் பேசிய அந்தக் காலத்தில், அதே மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி அள்ளிக் கொண்டிருந்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு பின்னாளில் கடலுக்குள் மூழ்கிவிட்டன. மாநாடு ஒரு பக்கம், கரை ஒரு பக்கம் என்று இருந்தால் பலன் என்ன?

தலைப்பு யார் கையில்?

இந்த மாநாடுகளில் எல்லோரும் ஒரே மேடையில் பேசுவதில்லை. தலைப்பு வாரியாக அமர்வு பிரிப்பார்கள். பவளப்பாறைக்கு ஒன்று, பிளாஸ்டிக் குப்பைக்கு ஒன்று, மீன்வளத்துக்கு ஒன்று. பல மாதம் முன்பே இரண்டு மூன்று விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு தலைப்பை எழுதிக் கொடுப்பார்கள். கமிட்டி தலையாட்டினால் அந்த அமர்வுக்கு அவர்களே பொறுப்பு. யார் பேசுவது என்று பொறுக்குவதும் அவர்கள்தான். பேச்சாளருக்குக் கிடைப்பது சுமார் கால் மணி நேரம்.

தலைப்பு யார் கையிலோ, கேள்வியும் அவர் கையில்!

மீன்பிடி தடைக்காலத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 2001-ல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். காசிமேட்டில் வரத்து குறையும். வஞ்சிரம் விலையைக் கேட்டு பையோடு திரும்புகிறவர் எத்தனை பேர்!

எந்த மீன் எந்த மாசம் சினையோடு வருது? தடை முடிஞ்சு முதல் வலையில் குஞ்சு மீன் கூடிச்சா, குறைஞ்சுதா? முப்பது வருஷம் வலை இழுத்தவரைக் கேட்டால் சொல்வார். ஆனால் அவருக்கு இங்கிலீஷில் கட்டுரைச் சுருக்கம் எழுத வராது. மாநாட்டுக் கட்டணம் கட்டவும் வழியில்லை.

கண்ணால் பார்த்ததெல்லாம் கணக்கு ஆகாது என்பார்கள் விஞ்ஞானிகள். நியாயம்தான். மீனவர் சொல்வதைச் சோதித்தே பார்க்கட்டும். சோதிக்கிறதுக்கு முன்னாடி காது கொடுக்கணுமே!

செய்ய வேண்டியது

நம் கடற்கரையில் இனி மாநாடு கூட்டுகிறவர்கள் மூன்று காரியம் செய்யலாம். தடைக்காலம் என்றே ஓர் அமர்வு வைத்து, தலைப்பு எழுதும்போதே மீனவர் ஒருவரைப் பொறுப்பாளராகச் சேர்க்க வேண்டும். அந்த அமர்வு தமிழில் நடக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும். அதை அந்த 61 நாளுக்குள் வைக்க வேண்டும். படகு கரையில் நிற்கும் நேரம். வந்து உட்காருகிறவருக்குக் கூலி போகாது.

முடிவு என்ன என்பதை நாலு வரியில் எழுதி மீன் ஏலக்கூடத்திலும் ஒட்டலாம். ஏர்கண்டிஷன் ஹாலில் ஒரு மைக்கைக் கரைக்காரர் பக்கம் திருப்பினால் குடி முழுகிவிடாது!