‘இதை எங்கே காட்டிக் கேட்பது?’



‘போதைப்பொருளின் தீமைகள்’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரையாவது எழுதாமல் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டைக் கடந்தவர் அரிது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. இந்தத் தலைப்பு மட்டும் நிற்கவில்லை. முன்னுரையில் நாட்டின் வளர்ச்சி, கருத்துகளில் உடல்நலக் கேடு, குடும்பச் சீரழிவு, சட்டத்தின் தண்டனை, முடிவுரையில் ஒரு முழக்கம். இருபது ஆண்டுகளாக நானும் இதைத்தான் கற்பித்து வருகிறேன்.

அத்தகைய கட்டுரை ஒன்றுக்குச் சிவப்பு மையால் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தேன். அதை எழுதிய மாணவன் பத்தொன்பதாம் அகவையில், யாரோ கொடுத்த வேப்பை இழுத்து நினைவிழந்தான். நண்பர்கள் அவனை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிட்டனர். “எதை உட்கொண்டான்?” என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. விடை சொல்ல அங்கு ஆளில்லை. அவன் பிழைத்தது இறைவன் அருள்.

சில நாள்கள் கழித்து அவன் தாயார் என் வீட்டிற்கு வந்தார். மகனின் துணி அலமாரியில் கிடைத்த இன்னொரு வேப்பைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். “டீச்சர், இதுல என்னா இருக்குன்னு எங்க காட்டிக் கேக்குறது?” என்றார்.

என்னிடம் விடையில்லை. காவல் நிலையத்திற்குக் கொண்டுபோனால் மகன் சிக்குவான் என்று அஞ்சினார். மருந்துக் கடைக்காரரிடம் அதைச் சோதிக்கும் வசதி கிடையாது. இறுதியில் அதை உடைத்துக் கழிவறையில் ஊற்றினோம். அதில் இருந்தது என்ன என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதே சரக்கு வேறெத்தனை பிள்ளைகளின் கைக்குப் போனதோ, அதுவும் தெரியாது.

நான் இன்று வற்புறுத்துவது இதைத்தான். பெயர் கேட்காமல், கட்டணம் வாங்காமல், காவல் துறைக்குத் தகவல் சொல்லாமல், ‘இதில் இருப்பது இன்னது’ என்று சோதித்துச் சொல்லும் நிலையம் இந்த நாட்டிற்கு வேண்டும். மலாக்கா மாநிலத்தில் ஒன்றாவது வேண்டும்.

ரெம்பியாச் சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். காய்கறியை அழுத்திப் பார்க்கிறோம். நஞ்சை மட்டும் விற்பவன் சொல்லை நம்பி உடலுக்குள் விடுகிறார்கள் நம் பிள்ளைகள். வேப் நீர்மத்தில் செயற்கைக் கஞ்சாவும் எம்.டி.எம்.ஏ.வும் கலந்து விற்கப்பட்டதைக் காவல் துறையே பலமுறை பறிமுதல் செய்து அறிவித்திருக்கிறது. தோட்டப்புறத்தில் சம்சு குடித்துக் குருடானவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் சிலாங்கூர், கோலாலம்பூர் உள்ளிட்ட இடங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் சாகத் துணிந்து குடித்தவர்கள் அல்லர். குடிப்பது இன்னது என்று அறியாமல் குடித்தவர்கள். மெத்தனாலை நாக்கு காட்டிக் கொடுக்காது, சோதனைதான் காட்டும்.

‘வேதியியல் துறை இருக்கிறதே’ என்பர் சிலர். உண்டு. ஆனால், அங்குப் போவது பறிமுதல் செய்யப்பட்ட பொருள். முடிவு வருவது வழக்கு மன்றத்திற்கு. ஒரு தாய்க்கு வேண்டியது மகன் கைதான பிறகோ மாண்ட பிறகோ கிடைக்கும் விடையன்று.

இஃது உலகில் இல்லாத புதுமையும் அன்று. நெதர்லாந்தில் இத்தகைய சோதனை 1992 முதல் நடைபெறுகிறது. நியூசிலாந்து 2021இல் இதற்கென நிலையான சட்டமே இயற்றியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022இல் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. கொண்டுவரும் பொருளில் சிறு துணுக்கை எடுத்து, அகச்சிவப்புக் கதிர்க் கருவியாலும் சோதனைத் தாள்களாலும் ஆராய்கிறார்கள். பல பொருள்களுக்குச் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடுகிறது. பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் வந்தவரோடு அமர்ந்து பேசுகிறார். ‘இது பாதுகாப்பானது’ என்று அங்குச் சொல்வதில்லை. இருப்பது எது, அது என்ன செய்யும் என்பதையே சொல்கிறார்கள். பலருக்கு வாழ்வில் முதன்முறையாகத் தம் பழக்கத்தைப் பற்றி அச்சமின்றிப் பேசக் கிடைக்கும் இடம் அது. 2016இல் இங்கிலாந்தின் இசைவிழா ஒன்றில் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பொருள், விற்றவன் சொன்ன பொருளாக இல்லை. அதை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

‘இது தீய பழக்கத்திற்குப் பந்தல் போடுவதாகாதா?’ என்று கேட்பீர்கள். இதே கேள்வியை இந்த நாடு முன்பே கேட்டு, விடையும் கண்டுவிட்டது. 2002இல் மலேசியாவில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 7,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஊசிவழி போதை ஏற்றியவர்கள். 2005இல் மெத்தடோன் சிகிச்சையும் 2006இல் தூய ஊசி வழங்கும் திட்டமும் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்சமன்று. இன்று புதிய தொற்றுகளில் ஊசிவழி வருபவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஊசி கொடுத்ததால் நாடு கெட்டுவிடவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. 2010இல் கோலாலம்பூரின் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் வழங்கத் தொடங்கினர். நம் கோயில் மண்டபங்கள் திருமணத்திற்கும் அன்னதானத்திற்கும் திறக்கின்றன. இப்படியொரு பணிக்கு என்று திறக்கும்?

குழந்தைகளுக்குப் போதையைப் பழக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரித்துப் பேச வேண்டா. வகுப்பறையில் ‘தொடாதே’ என்று சொல்வதை நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால், என் சொல்லைக் கேட்காத மாணவனும் என் மாணவனே. கட்டுரையில் பிழை செய்தவனுக்குத் திருத்தம் எழுத இடம் தருகிறோம். வாழ்க்கையில் பிழை செய்தவனுக்கு அதைத் தர மறுப்பது என்ன அறம்? இறந்தவனைத் திருத்த எந்த மறுவாழ்வு நிலையத்தாலும் முடியாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பந்தல் வாடகையும் விளையாட்டுப் போட்டிச் சட்டையும் பேசி முடித்த பிறகு, இதையும் ஒருமுறை பேசுங்கள். சட்டமன்ற உறுப்பினர் பரிசு வழங்க வரும்போது இதையும் கேளுங்கள். சோதனைக்குப் பொருள் கொண்டுவருபவரைக் கைது செய்யலாகாது என்ற சட்டப் பாதுகாப்பு வேண்டும். அஃதில்லாமல் நிலையம் திறந்தால் ஈயும் நுழையாது.

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. நாளை இன்னொரு தாய் வந்து கேட்பார். அன்றும் கழிவறையைத்தான் காட்டப் போகிறோமா?

சிந்திப்போம்.