கடலை நிரப்பியவர்கள் கரையைக் கேட்டார்களா?



முன்னர் கொழும்பு காலிமுகத்திடலில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கடல்தான் தெரியும். இன்று அதே இடத்தில் நின்றால் கடல் இருந்த இடத்தில் நிலம் தெரிகிறது. 269 ஹெக்டெயார், அதாவது ஏறத்தாழ 665 ஏக்கர். முழுவதும் கடல் மணலைக் கொட்டி உண்டாக்கிய நிலம். இதுதான் கொழும்புத் துறைமுக நகரம். உல்லாச ஹோட்டல்கள், படகுத்துறை, செயற்கைக் கடற்கரை, மாடி வீடுகள், வங்கிகள் எல்லாம் இங்கே வரும் என்பது திட்டம்.

"வன்னியிலும் வாகரையிலும் இருக்கும் எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதை எங்கள் வாசலுக்கும் வரும்.

2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி இலங்கைக்கு வந்தபோது இந்த வேலை தொடக்கி வைக்கப்பட்டது. சீன நிறுவனம் ஒன்று 1.4 பில்லியன் டொலர் முதலிட்டது. ஆட்சி மாறியதும் 2015 மார்ச்சில் வேலை நிறுத்தப்பட்டது. 2016இல் ஒப்பந்தத்தைத் திருத்தி மீண்டும் தொடங்கினார்கள். முந்திய ஒப்பந்தத்தில் 20 ஹெக்டெயார் அந்த நிறுவனத்துக்கே சொந்தமாகப் போகவிருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு அது நீக்கப்பட்டு, 99 வருடக் குத்தகை மட்டும் என்றானது. ஆகவே எழுதி முடித்த ஒப்பந்தத்தையும் மாற்றலாம் என்பதை மனதில் வைத்திருங்கள். 2019 ஜனவரியில் கடல் நிரப்பும் வேலை முடிந்தது. 2021இல் அந்த நிலத்தை நிர்வகிக்கத் தனி ஆணைக்குழுவும் தனிச் சட்டமும் வந்தன.

இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது? கப்பல்கள் பெரிய குழாய் போட்டுக் கடலடி மணலை உறிஞ்சி எடுத்து வந்து கொட்டின. மணல் எடுத்த இடம் நீர்கொழும்புப் பக்கத்துக் கடல். மீன் பெருகும் இடங்கள் குழம்பிப் போகின்றன, கரையைக் கடல் அரிக்கிறது என்று அப்பகுதி மீனவர்களும் குருமாரும் வீதிக்கு இறங்கினார்கள். பிறகு மீனவருக்கு வருமான உதவியாக 50 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது.

நீர்கொழும்புக் கரைக்குப் போனவர்கள் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். தும்புப் பாய்கள் வரிசையாக விரிந்திருக்கும். வெயிலில் குனிந்து நின்று பெண்கள் மீனைப் பரப்புவார்கள், திருப்புவார்கள், அள்ளுவார்கள். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கல்முனையிலும் நாம் செய்யும் அதே வேலைதான். மீன் குறைந்தால் முதலில் கை வெறுமையாவது இந்தப் பெண்களுக்கே. ஆனால் நட்டஈடு என்று வரும்போது படகுப் பதிவு இருக்கிறதா, மீனவர் அட்டை இருக்கிறதா என்றுதான் பொதுவாகக் கேட்கிறார்கள். கருவாடு காயவைப்பவளுக்கு, கூடை சுமந்து விற்பவளுக்கு, வலை பொத்துபவளுக்கு எந்தப் பதிவு இருக்கிறது? அவள் உழைப்பு கரையில் எல்லோருக்கும் தெரிகிறது, கடதாசியில் மட்டும் இல்லை.

இது எங்களுக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். ஆபத்து என்று சொல்லி எங்கள் குடிசைகளைப் பின்னுக்குத் தள்ளிய காலத்தில், ஹோட்டல்களுக்குச் சலுகை கிடைத்ததையும் பார்த்தோம். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல்கள் எழுந்தன. நாளை எந்தக் கரைக்கு வரைபடத்தோடு ஆள் வருவார் என்று யார் சொல்வது?

அபிவிருத்தி வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். மண் விழுவதற்கு முன்னர் எங்களையும் கேளுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. கேட்பதற்கு வழிகளும் இருக்கின்றன.

99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல் போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதி தேவை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் பத்திரிகையில் அறிவித்தல் போடவேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்த 30 நாட்களைத் தவற விட்டால் பிறகு கத்திப் பயனில்லை. மாதர் சங்கத்தில் ஒருவராவது பத்திரிகை அறிவித்தல்களைப் பார்க்கும் பொறுப்பை ஏற்கட்டும்.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எங்கள் கரையில் என்ன திட்டம் என்று பிரதேச செயலகத்தில் தமிழிலேயே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும்.

காணியின் அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அரச காணியில் வாரிசுரிமைக்கு ஆண்பிள்ளையே முந்தியவர் என்றிருந்த விதி 2022இல் நீக்கப்பட்டு விட்டது. பத்திரம் இறந்த அல்லது காணாமற்போன கணவர் பெயரில் இருந்தால், செய்யவேண்டியதை இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. இந்த மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பியை எடுங்கள். கரையில் தொழில் செய்யும் பெண்கள் எத்தனை பேர், என்ன தொழில், எத்தனை வருடமாக, மாதம் என்ன வருமானம் என்று பெயர் பெயராக எழுதுங்கள். கிராம அலுவலரிடம் காட்டி ஒப்பமும் திகதியும் கேளுங்கள். நாளை யாராவது வந்து "இந்தக் கரையில் யார் இருந்தார்கள்?" என்று கேட்டால், அந்தக் கொப்பியை அவர் முன்னால் வைக்கலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.