கடலுக்கும் சீசன் உண்டு

சீசன் என்றால் என்னவென்று நுவரெலியா, ஹட்டன் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஏப்ரல் பிறந்தால் கிரகரி வாவிக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த மாதத்தில் கடையைப் பூட்டிவிட்டு உல்லாசப் பயணம் போகிறவனைப் பார்த்து ஊரே சிரிக்கும். கூட்டம் கலைந்த பிறகுதான் நாம் கடலைத் தேடிக் கீழே இறங்குகிறோம். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என் ராத்தாவின் மகனுக்குக் கலியாணம். கடற்கரையில் போட்டோ பிடிக்காவிட்டால் கலியாணமே குறை என்றாகிவிட்ட காலமல்லவா? ஜூலை மாதம் பெந்தோட்டையில் இரண்டு நாள் அறை, வேன், போட்டோகிராபர், உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் முற்பணம் கட்டினார்கள். பணம் எங்கிருந்து வந்தது? கடைக்குச் சரக்கெடுக்க வைத்திருந்த முதலில் இருந்து. புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை அடுத்த வாரம் வங்கிக்குப் போகவிருந்தது.

ஜூலை என்பது தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மே தொடக்கம் செப்டம்பர் வரை பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம் கடல் கொந்தளிக்கும். போன இடத்தில் சிவப்புக் கொடி, மேகமூட்டம். நுவரெலியாக் குளிருக்குத் தைத்தது போன்ற தடித்த ஷெர்வானியில் மாப்பிள்ளை வியர்வையில் குளித்துவிட்டான். ஈரக்காற்றில் வியர்வை காயாது, வழியும். பதினாறு பாகை செல்சியஸில் வாழ்ந்த உடம்புக்கு அது பெரிய சோதனை. ஏசி அறையில் இருந்து வெளியே எடுத்ததும் கெமரா லென்ஸில் புகார் பிடித்தது போல் நீர் படிந்தது. போட்டோகிராபர் துடைக்கத் துடைக்க மூடியது. கெமராப் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. மலைநாட்டுப் போட்டோகிராபருக்கு அது தெரிந்திருக்கவில்லை. காசோலை திரும்பாமல் இருக்க நான்தான் கைமாற்றுக் கொடுத்தேன்.

கலியாணப் படம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் ஆசை. ஆனால் சரக்கெடுக்கும் முதலில் கை வைத்து, பருவம் பார்க்காமல் போவதுதான் நட்டம்.

அதே மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் நம்மை அழைக்கிறது. பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். நிலாவெளியும் நல்ல இடம். அறுகம்பே அலைச்சறுக்குக்காரரின் ஊர், சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் கவனம். பேராதனையில் இருந்து நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடி வரை ஏ5 பாதை நம் வாசலாலேயே போகிறது. டிசம்பரில் இந்தக் கணக்குத் தலைகீழ். அப்போது கிழக்கில் மழை, தென்மேற்குக் கரையில் வெயில். வருடக் கடைசியில் மலைப்பாதையையும் விசாரித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பாதைகளை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அதைப் போட்டோகிராபரிடம் முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

இதில் வியாபாரமும் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் நம் புடைவைக் கடைகளில் கம்பளிச் சுவெட்டர்தான் தொங்குகிறது. கிழக்குக்குப் போகிறவன் பருத்திச் சட்டையைக் கண்டியில் வாங்குகிறான். ஓட்டமாவடி, பொத்துவில் வியாபாரிகளும் வெளிநாட்டுக்காரனையே பார்த்திருக்கிறார்கள். அறை, சாப்பாடு, கெமராக்காரர் எல்லாம் ஒரே விலையில் என்று ஹட்டன் கடைவீதியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் என்ன?

இந்த ஆகஸ்டில் இளைய மருமகனின் முறை. பாசிக்குடாவுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. சூரியன் கடலில் மறையும் படம் வேண்டுமாம். கிழக்கில் சூரியன் கடலில் உதிக்கும், மறையாது என்று சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு உடுத்து நிற்க வேண்டும். கடை திறக்கவே ஒன்பது மணிக்கு எழும்புகிறவன் அவன்.